எந்த இடம் தம்பி?

போன மாதம் இரண்டு சனிக்கிழமை தங்கச்சிக்கு அறை தேடி வவுனியாவில் அலைந்தேன். அவள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் பீடம், முதல் வருடம் முடிகிறது. இவ்வளவு நாளும் விடுதியில் இருந்தாள். இப்போது அடுத்த பச் வரப்போகிறது, சாமான்களைக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் படித்த காலத்திலும் இதே கதைதான். முதல் வருடம் ஹொஸ்டல், பிறகு நடுவில் இரண்டு வருடம் உன் பாடு, கடைசி வருடம் இடமிருந்தால் திரும்ப உள்ளே. நான் மொத்தம் நாலு அறை மாறினவன் என்பதால் வீட்டில் என்னை இந்த விஷயத்தில் பெரிய அனுபவசாலியாக நினைத்துவிட்டார்கள். நாலு அறை மாறியவன் என்றால் நாலு வீட்டுக்காரரோடு ஒத்துப்போகாதவன் என்றும் அர்த்தம் வரும், அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

தங்கச்சியின் சிநேகிதிகளும் "அண்ணா, எங்களுக்கும் ஒரு றூம் பார்த்துத் தாங்கோ" என்று வட்ஸ்அப்பில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைகிறது. ஆகவே இங்கே ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

வவுனியாவை அறியாதவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். பல்கலைக்கழகம் இருப்பது பம்பைமடுவில், மன்னார் வீதியில், நகரத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவில். ஆனால் வாடகை அறைகள் அதிகம் இருப்பது நகரத்தில். இது ஏன் இப்படி என்று எனக்கு முதல் வருடம் விளங்கவில்லை. பிறகு ஒரு பழைய சீனியர் அண்ணாதான் சொன்னார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்த காலத்தில் விரிவுரைகள் நகரத்துக்குள்ளேதான் நடந்தன, பூங்கா வீதியிலும் குருமன்காட்டிலும். அந்தக் காலத்துப் பெடியள் அறையிலிருந்து நடந்தே வகுப்புக்குப் போனார்கள். குருமன்காடு, வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம் பக்கத்து வீடுகளில் ஒரு அறையை "கம்பஸ் பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பிறகு கட்டிடங்கள் பம்பைமடுவில் எழும்பின, 2021 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அது தனிப் பல்கலைக்கழகமாகவும் ஆகிவிட்டது, ஆனால் அறைகள் எழும்பி நடந்து போகாதே. அவை நகரத்திலேயே நின்றுவிட்டன. வகுப்பு ஒரு இடம், படுக்கை இன்னொரு இடம், நடுவில் ஒரு பஸ்.

அந்த பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸுக்கு மாணவர் சீசன் ரிக்கற் எடுத்தால் செலவு மிகவும் குறைவு, அது உண்மை. ஆனால் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. காலையில் எட்டு மணி வகுப்புக்கு நீங்கள் குருமன்காட்டில் நிற்கும்போது இ.போ.ச. பஸ் மிதிபலகைவரை ஆட்களோடு வந்து, நிற்காமல், உங்களைப் பார்த்துக்கொண்டே போகும். பின்னால் தனியார் பஸ் வரும். ஏறினால் காசு. மாதக் கணக்குப் பார்க்கும்போது சீசனுக்குக் கொடுத்தது, அதற்கு மேலால் தனியாருக்குக் கொடுத்தது என்று இரண்டையும் கூட்டவேண்டும், ஒருவரும் இரண்டாவதைக் கூட்டுவதில்லை. நானும் முதல் மூன்று மாதம் கூட்டவில்லை.

அப்படியென்றால் பம்பைமடுவிலேயே எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுக்கலாம். இப்போது வளாகத்தைச் சுற்றி வீடுகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன, புதிதாக மாணவர்களுக்கென்றே வரிசையாக அறை கட்டியவர்களும் உண்டு. ஆனால் அங்கே அறை குறைவு, கேட்பவர்கள் கூட, அதனால் வாடகை நகரத்தை எட்டிவிட்டது. இரவு ஏழு மணிக்கு மேல் ஒரு பாண் வாங்குவதென்றாலும் யோசிக்கவேண்டும். நான் மூன்றாம் வருடம் ஆறு மாதம் அங்கே இருந்தேன். படிப்பு நன்றாக ஓடியது, வேறு ஒன்றும் இல்லாதபடியால். மெலிந்தும் போனேன்.

இனி முக்கியமான கதைக்கு வருகிறேன். விளம்பரத் தளங்களில் வவுனியா, அறை என்று போட்டுப் பாருங்கள். வருவதெல்லாம் முழு வீடு, வங்கியில் வேலை செய்பவர்களுக்கு, ஏசி, வாகனம் நிறுத்த இடம், மூன்று வருட ஒப்பந்தம். மாணவர்களுக்குத் தரக்கூடிய மலிவான அறை அதில் இருக்காது. அது ஒரு மதிலுக்குப் பின்னால், யாரோ ஒரு அன்ரியின் மனதில் இருக்கிறது. அவவுக்கே சிலவேளை தெரியாது, தான் ஒரு அறையை வாடகைக்கு விடப்போகிறா என்று. நீங்கள் போய்க் கேட்டபிறகுதான் "முன்னறை சும்மாதானே கிடக்கு" என்று யோசிப்பா. ஆகவே தேடுவது என்பது அந்த அன்ரியிடம் போய்ச் சேருவது. அதற்கு ஒழுங்கையின் தொடக்கத்தில் இருக்கும் பலசரக்குக் கடை, ஓட்டோ நிறுத்தும் இடத்து அண்ணாமார், கோவில், தையல் கடை, இவைதான் வழி. கடையில் சும்மா கேட்கக்கூடாது. ஒரு சோடாவோ பிஸ்கட்டோ வாங்கி, குடித்து முடித்து, போத்திலைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்கவேண்டும்.

சரி, படலையைத் தட்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடக்கும் உரையாடலை என்னால் நித்திரையிலும் சொல்லமுடியும்.

"ஆர் தம்பி?"

"றூம் ஒண்டு இருக்கெண்டு கடையில சொன்னவை, அன்ரி."

"எந்த இடம் தம்பி?"

"ஒட்டுசுட்டான்."

"ஒட்டுசுட்டானில எவடம்? தான்தோன்றீஸ்வரர் கோயிலடியோ?"

"அதிலயிருந்து கொஞ்சம் உள்ளுக்க."

"அப்ப ஆற்ற மகன்?"

இதுவரைக்கும் வாடகை எவ்வளவு என்று ஒரு சொல் வராது. நீங்களும் கேட்கக்கூடாது. கேட்டால் ஒரு தொகை சொல்வா, அது ஊர் தெரியாத ஆளுக்குச் சொல்லும் தொகை. என் முதலாவது அறை, பண்டாரிக்குளத்தில், இப்படித்தான் கிடைத்தது. அந்த அன்ரி முள்ளியவளையில் கலியாணம் கட்டின தன் ஒன்றுவிட்ட தங்கச்சியையும், அதே ஒழுங்கையில் இருக்கும் என் பெரியம்மாவையும் ஒரு பத்து நிமிடத்தில் தொடுத்துவிட்டா. வருடா வருடம் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிற வழியில் அந்த ஒழுங்கையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவினமாம். அந்தப் பத்து நிமிடத்தில் ஆளுக்கு 4,000 என்று கடைக்காரர் சொல்லியிருந்த வாடகை 2,800 ஆகியது. முற்பணம் மூன்று மாதம் என்பது ஒரு மாதம் ஆகியது. நான் ஒன்றும் பேரம் பேசவில்லை. என் பெரியம்மாவின் தேத்தண்ணி பேசியது.

இது 2019 தொடக்கம். இப்போது அதே அறை 6,000 என்று கேள்வி.

அந்த 1,200 ரூபா சும்மா குறையவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. நான் எத்தனை மணிக்கு வந்தேன், யாரோடு வந்தேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை ஏன் படுத்திருந்தேன் என்பதெல்லாம் முள்ளியவளை வழியாக அம்மாவின் காதுக்கு இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது. ஒருதரம் தலைமயிர் நீளமாக வளர்த்தேன், ஒட்டுசுட்டானில் இருந்து அழைப்பு வந்தது. மலிவு அறை என்பது இங்கே பெரும்பாலும் இதுதான். உங்களைத் தெரிந்தவர்கள் குறைத்துத் தருவார்கள், தெரிந்துகொண்டே இருப்பார்கள்.

"எந்த இடம்" என்ற கேள்வியை அம்மா வேறு மாதிரித்தான் கேட்பா. அவவுக்கு வவுனியா என்றால் பாஸ். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வன்னிக்குள் இருந்து வருபவர்கள் வவுனியா நகரத்தில் தங்குவதென்றால் பாஸ் வேண்டும், இத்தனை நாள் என்று அதில் எழுதியிருக்கும். "எந்த இடம் எண்டு முதல்ல ஆமிக்காரன் கேட்பான், பிறகு பொலிஸ், அதுக்குப் பிறகுதான் வீட்டுக்காரர்" என்று சொல்வா. வீட்டுக்காரருக்கு அப்போது பயம், பாஸ் முடிந்த ஆளை வைத்திருந்தால் தனக்கும் கரைச்சல். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தபிறகு அந்தப் பயத்தைக் கொஞ்சம் நானும் பார்த்தேன். அன்ரி அடையாள அட்டைப் பிரதி கேட்டா, அப்பாவின் கைத்தொலைபேசி இலக்கம் கேட்டா, கிராம சேவகரின் கடிதம் கேட்டா. பெரியம்மாவின் தேத்தண்ணியெல்லாம் ஒரு கிழமைக்கு மறந்துபோனது. நான் கோபப்படவில்லை. இந்த ஊரில் ஒரு கதவு திறக்க முதல் ஏன் இவ்வளவு கேள்வி என்று அன்றைக்குத்தான் சரியாக விளங்கியது.

ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

என் பச்சில் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு நண்பன் இருந்தான். தொலைபேசியில் கேட்கும்போது அறை இருக்கும். "வாங்கோ தம்பி, வந்து பாருங்கோ." நேரில் போய், எந்த இடம் என்று கேட்டு, ஹற்றன் என்று சொன்னதும், "ஐயோ தம்பி, இப்பதான் ஒராள் சொல்லிப்போட்டுப் போறார்." மூன்று வீடு இப்படி. மூன்றாவது வீட்டில் நான்தான் அவனோடு போனேன். அடுத்த நாள் நான் தனியாகப் போய்க் கேட்டுப் பார்த்தேன், அறை இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாமலும் இருக்காது. இதில் பகிடி என்னவென்றால், அந்த வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர்களே மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள்தான். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் எத்தனை ஆயிரம். அவன் கடைசியில் அறை எடுத்தது அப்படியொரு வீட்டில்தான். அங்கேயும் அதே கேள்விதான் கேட்டார்கள். ஹற்றன் என்றான். "ஹட்டன்ல எந்தத் தோட்டம்?" என்றார் அந்தத் தாத்தா, கதிரையை இழுத்துப் போட்டார்.

"எங்கட ஆக்கள்" என்ற சொல்லும் அப்படித்தான். சிலவேளை அது ஊரைச் சொல்வது. சிலவேளை அது சாதியைச் சொல்வது. குரல் கொஞ்சம் இறங்கினால் இரண்டாவது. அப்படி இறங்கின இரண்டு வீட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை, எனக்கு அங்கே அறை கிடைத்திருக்கும் என்றாலும். இதைப் பெருமைக்கு எழுதவில்லை, எனக்கு வேறு இடம் இருந்தது, அதனால் போகாமல் விட முடிந்தது. அவ்வளவுதான்.

சிங்கள நண்பர்கள் இந்தக் கேள்விக்குள்ளேயே வரமாட்டார்கள். அவர்கள் போடிம என்று சொல்லும் இடத்தை ஏழெட்டுப் பேர் சேர்ந்து முழு வீடாக எடுப்பார்கள், முற்பணம் கூடக் கொடுப்பார்கள், போகும்போது அதை அடுத்த பச்சுக்குக் கைமாற்றிவிடுவார்கள். வீட்டுக்காரர் மாறுவதில்லை, ஆட்கள் மட்டும் மாறுவார்கள். எனக்கு அது நல்ல முறையாகத்தான் பட்டது. நாங்கள் ஏன் செய்யவில்லை என்றால், எங்களுக்குத்தான் ஆளுக்கொரு பெரியம்மா இருந்தாவே.

கரண்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வாடகையில் மிச்சம்பிடித்ததை எல்லாம் விடுவது அங்கேதான். இரண்டாவது அறை, வேப்பங்குளம். நாலு பேர், பக்கத்தில் வீட்டுக்காரர் குடும்பம் நாலு பேர், எல்லாருக்கும் ஒரே மீற்றர். எங்களுக்கு உள்ளே ஒரு சப் மீற்றர் பூட்டியிருந்தார். முதல் மாதம் அவர் போட்ட கணக்கைப் பார்த்து ஆடிப்போனோம். எங்கள் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, கூடப் பாவித்தால் மேலே வரும் அலகுகளின் விலை கூடும், 180 அலகைத் தாண்டினால் ஆக மேல் படி. அவர் என்ன செய்தார் என்றால், எங்கள் அலகு முழுவதையும் அந்த மேல் படி விலையால் பெருக்கிவிட்டார். ஏதோ அவர் குடும்பம் கீழ்ப் படியில் இருப்பது போலவும், நாங்கள் மட்டும் ஏணி வைத்து ஏறியது போலவும். கொப்பியும் பேனையுமாகப் போய்ச் சண்டை பிடித்தோம். மொத்த பில்லை மொத்த அலகால் வகுத்து, வருகிற சராசரி விலையை எங்கள் அலகால் பெருக்குங்கள் என்றோம். அவர் ஒரு பழைய பில்லை எடுத்துக் காட்டினார். நாங்கள் வர முதல் அவர்கள் வீட்டுப் பாவனை 90 அலகுக்குள்தான். அதாவது நாங்கள் வந்ததால்தான் அவருடைய அலகுகளும் விலை கூடின. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் சராசரிக்கு ஒத்துக்கொண்டார், நாங்கள் ஹீற்றர் கம்பியைக் கைவிட ஒத்துக்கொண்டோம். (முற்றாகக் கைவிடவில்லை.)

அது கரண்ட் மலிவாக இருந்த காலம். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று ஏறினபிறகு இந்தக் கணக்கு விளையாட்டல்ல. ஆகவே அறை பார்க்கப் போகும் தம்பி தங்கச்சிமார், வாடகை கேட்க முதல் மீற்றரைப் பாருங்கள். சப் மீற்றர் இருக்கிறதா, அலகுக்கு எவ்வளவு, அது எந்தக் கணக்கு. "கரண்ட் வாடகைக்குள்ளதான் தம்பி" என்று சொல்லும் வீடு நல்லதென்று நினைக்காதீர்கள். அந்த வீட்டில் ஒன்பது மணிக்கு மெயின் சுவிச்சை நிறுத்துவார்கள். அனுபவம்.

தண்ணீர் அதைவிடப் பெரிய கதை, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மழைகாலத்தில் போய்க் கிணற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். தை மாசி மாதங்களில் எல்லாக் கிணறும் அழகு. ஆவணி புரட்டாதியில் போய்ப் பாருங்கள், வாளி கல்லில் இடிக்கும். தண்ணீர் இருந்தாலும் வன்னியில் பல இடங்களில் கடினத் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய்ப் பயமும் இருப்பதால் குடிக்கிற தண்ணீரை இப்போது எல்லாரும் சுத்திகரிப்பு நிலையங்களில் கானில் வாங்குகிறார்கள். அதுவும் மாதச் செலவு. அந்தக் கானை இரண்டாம் மாடிக்குத் தூக்குவது யார் என்பதும் முதலே பேசவேண்டிய விஷயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது நாங்கள் ஒரு பையோடு ஊருக்குப் போனவர்கள், இரண்டு கிழமையில் வருவோம் என்று. பல மாதமாகியது. மூன்றாவது அறை அப்போது, இறம்பைக்குளத்தில். படுக்காத அறைக்கு வாடகை கொடுப்பதா என்பது எங்கள் பச் முழுக்க ஓடிய விவாதம். எங்கள் வீட்டுக்கார ஐயா அழைத்தே கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, "அரைவாசி தாங்கோ பிள்ளையள், எனக்கும் லீசிங் நிக்குது" என்றார். கொடுத்தோம். எலி என் குறிப்புகளில் இரண்டு பாடத்தைத் தின்றிருந்தது, அதற்கு அவர் பொறுப்பல்ல. இன்னொரு வீட்டில் என் நண்பர்களுக்கு முழு வாடகையும் கேட்டு, தரும்வரை ரைஸ் குக்கரையும் மெத்தையையும் பூட்டி வைத்துவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ஐயா நல்ல மனுசன் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பாதுகாப்பு இருக்கவில்லை. ஆகவே கொடுக்கிற காசுக்கு ஒரு சீஆர் கொப்பியிலாவது திகதி போட்டு ஒப்பம் வாங்குங்கள். நம்பிக்கை இல்லையோ என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். "அப்பா கணக்குக் கேட்பார்" என்று சொல்லுங்கள், அப்பாவின் பெயருக்கு இங்கே மறுபேச்சு இல்லை.

தங்கச்சிக்குத் தேடப் போனபோதுதான் தெரிந்தது, நான் தெரிந்துவைத்திருந்தது எல்லாம் பெடியள் அறைக் கணக்கு என்று. பெண்பிள்ளைகளுக்கு அதே அறை வேறு அறை. "பெட்டையள் எண்டா உள்ளுக்கயே சமைப்பினம், தண்ணியும் கூடப் போகும்" என்று ஒரு வீட்டில் 1,000 கூட்டினார்கள். நான் படித்தபோது நாலு வீட்டிலும் நாங்களும் உள்ளேயேதான் சமைத்தோம், ஒருவரும் கூட்டவில்லை. இன்னொரு வீட்டில் ஆறு மணிக்குக் கேற் பூட்டு. ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்து, பஸ் கிடைத்து, நகரத்துக்கு வந்து, ஒழுங்கைக்குள் நடந்து போனால் ஆறு தாண்டும். அதைச் சொன்னேன். "அப்ப ஒரு வகுப்ப விடலாம்தானே" என்றார் அந்த அங்கிள். நான் எழும்பிவிட்டேன். தங்கச்சி வெளியே வந்து சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காசுக் கணக்கும் பார்த்தோம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாணவர் உதவித்தொகைகளான மகாபொலவை 5,000 இலிருந்து 7,500 ஆகவும், பேசரியை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டுவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். நான் 5,000 எடுத்த காலத்தில் வாடகை 2,800 போக மிச்சத்தில் இரண்டு கிழமை சாப்பிடலாம். இப்போது தங்கச்சிக்கு 7,500 வந்தாலும் வாடகை, கரண்ட், தண்ணீர்க் கான் மூன்றையும் கொடுத்தால் கையில் நிற்பது ஒரு கிழமைச் சோற்றுப் பார்சல். அதுவும் மாதம் தவறாமல் வந்தால். மகாபொல வரும் என்று நம்பி வாடகைத் திகதியைச் சொன்னவன் என்ன பாடுபட்டான் என்று என் மூன்றாவது வீட்டு ஐயாவைக் கேளுங்கள்.

இரண்டாவது சனிக்கிழமை, பின்னேரம், நெளுக்குளம் பக்கத்தில் ஒரு வீடு. கடைக்காரர் காட்டியது. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. போருக்குப் பிறகு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்களே, அந்த வீடுகள். இரண்டு சிறிய அறை, ஒரு விறாந்தை, குசினி. கொடுத்த காசு யன்னலுக்கு வரும்போது முடிந்துபோன வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், இது முழுதாகப் பூசி, பெயின்ற் அடித்து, முற்றத்தில் செவ்வரத்தை வைத்து நன்றாக இருந்தது. அந்த அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும். ஆண்துணை என்று வீட்டில் யாரும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை, சுவரில் ஒரு படம் இருந்தது, மாலை போடாத படம். இரண்டு அறையில் ஒன்றை மாணவிகளுக்கு விட்டுவிட்டுத் தாயும் மகளும் மற்றதில். ஏற்கெனவே மன்னார்ப் பிள்ளையொன்று இருக்கிறாள், இரண்டாவது கட்டிலுக்கு ஆள் தேடினா.

"எந்த இடம்" என்று கேட்டா. ஒட்டுசுட்டான் என்றேன். நான் அடுத்த கேள்விக்கு, பெரியம்மா, முள்ளியவளை, வற்றாப்பளைப் பொங்கல் எல்லாவற்றையும் வரிசையாக ஆயத்தம் பண்ணிக்கொண்டு நின்றேன். அவ ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கடந்து தங்கச்சியைப் பார்த்து, "விடியக் காலமை வெள்ளன எழும்புவியோ பிள்ளை? எனக்கு நாலரைக்கு அடுப்பு மூட்டவேணும், இடியப்பம் கடைக்குக் குடுக்கிறனான், சத்தம் வரும்" என்றா. தங்கச்சி பரவாயில்லை அம்மா என்றாள். அவள் எட்டு மணிக்கு எழும்புவதே பெரிய காரியம், நான் வாயைத் திறக்கவில்லை.

5,500. ஒரு மாத முற்பணம். சப் மீற்றர் இருக்கிறது, சராசரிக் கணக்கு என்று நான் விளக்க, "அது தம்பி நீங்களே மாசம் மாசம் பாத்துச் சொல்லுங்கோ" என்றுவிட்டா. ஏழு மணிக்குப் படலை சாத்துவா, வகுப்புப் பிந்தினால் அழைத்துச் சொன்னால் காணும். கிணறு ஆழம், நான் கயிறுவிட்டுப் பார்த்தேன், இந்த வெயிலுக்குள்ளும் இரண்டு வளையத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, சவர்க்காரம் நுரைக்காது. கூரை ஓடு, சீற்று அல்ல, அது பெரிய நிம்மதி. வேப்பங்குளத்தில் சீற்றின் கீழே ஆவணி மாத மத்தியானங்களில் கிடந்து அவிந்தவனுக்குத்தான் ஓட்டின் அருமை தெரியும். பஸ் ஏற மன்னார் வீதிக்கு வரவேண்டும், அதற்கு ஒரு சைக்கிள் வேண்டும். என்னுடைய பழைய சைக்கிள், 2022 இல் பெற்றோல் இல்லாத காலத்தில் இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கியது, வீட்டில் சும்மா நிற்கிறது. செயின் மாற்றினால் ஓடும்.

சீஆர் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் பக்கத்தில் அந்த அம்மாவே திகதி போட்டு, தொகை எழுதி, ஒப்பம் வைத்தா. நான் கேட்கவே இல்லை.

வருகிற சனிக்கிழமை சாமான் ஏற்றவேண்டும். சைக்கிளை நேரே வவுனியா போகிற பஸ்ஸின் மேலே போடலாம். தும்பு மெத்தை ஒன்றும் இருக்கிறது, அம்மா புதிதாக வாங்கியது, அதையும் மேலே ஏற்றுவதற்கு கொண்டக்டர் சம்மதிப்பாரா என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.